78 சூறாவளி ஆய்வுக்கு விக்கிப்பீடியாவை எடுக்கலாமா?

நாவலடிக் காற்று கேட்டது:

வணக்கம் எல்லாருக்கும். கடைசி வருட ஆய்வுக்கட்டுரை எழுதுகிறேன். 1978 நவம்பர் 23 சூறாவளிக்குப் பிறகு மட்டக்களப்பில் கல்லடியிலிருந்து கிரான்குளம் வரையான கரையோரக் கிராமங்கள் எப்படித் திரும்ப எழும்பின என்பதுதான் தலைப்பு. ஊரில் பழைய ஆக்கள் பிள்ளைகளின் வயதைச் சொல்வதே "சூறாவளிக்கு முந்தினவன், பிந்தினவன்" என்றுதான். அவ்வளவு பெரிய விஷயம், தகவலுக்குப் பஞ்சமே இருக்காது என்று எல்லாரும் சொன்னார்கள்.

தேடத் தொடங்கினால் முதலில் வந்து நிற்பது விக்கிப்பீடியா. எத்தனை பேர் இறந்தார்கள் என்ற ஒரு கேள்விக்கே ஒழுங்கான பதில் இல்லை. 915 என்ற எண் பல தளங்களில் அச்சு மாறாமல் ஓடுகிறது, சில இடங்களில் "ஆயிரத்துக்கு மேல்" என்று கிடக்கிறது, நவம்பர் வந்தால் பேப்பரில் வரும் நினைவுக் கட்டுரைகளில் வேறொன்று. யார் யாரிடமிருந்து எடுத்தார்கள் என்று கண்டுபிடிக்கவே ஏலாமல் இருக்கிறது.

எனக்கு மேற்பார்வை செய்யும் சேர், விக்கிப்பீடியா என்ற பெயரே அடிக்குறிப்பில் வரக்கூடாது என்கிறார். காரணம் சொல்லவில்லை. விஞ்ஞான பீடத்தில் படிக்கும் தோழி புள்ளிவிபரவியலுக்கு அதைத்தான் தினமும் வாசிக்கிறாள், ஒரு பிரச்சினையும் இல்லை என்கிறாள். இது உண்மையிலேயே நம்ப முடியாத ஒன்றா, அல்லது பழைய பழக்கத்தில் வேண்டாம் என்கிறார்களா? அதை விட்டால் மட்டக்களப்பில் இருக்கிற ஒருவர் எங்கே போய்த் தேடுவது? தெரிந்தவர்கள் கொஞ்சம் விரிவாகச் சொன்னால் பெரிய உதவி.

கோட்டைமுனை வாசகர் எழுதியது:

தம்பி, உங்கள் சேர் சொன்னது சரி. காரணத்தையும் சேர்த்துச் சொல்லியிருந்தால் நீங்கள் இப்படி அலைய வேண்டி வந்திராது.

கலைக்களஞ்சியம் என்பது எதுவாக இருந்தாலும் மூன்றாம் கைச் சரக்கு. நடந்ததைப் பார்த்தவர் எழுதியது முதலாவது, அதை வைத்து ஆராய்ந்தவர் எழுதியது இரண்டாவது, அந்த ஆராய்ச்சிகளைச் சுருக்கித் தருவது மூன்றாவது. பிரிட்டானிக்காவை அடிக்குறிப்பில் போட்டாலும் நான் வெட்டுவேன். பாடசாலைப் பிள்ளைக்கு அது போதும், பட்டத்துக்கு எழுதும் ஆய்வுக்குப் போதாது. 2007இல் அமெரிக்காவில் மிடில்பெரி கல்லூரியின் வரலாற்றுத் துறை மாணவர்கள் விக்கிப்பீடியாவை மேற்கோள் காட்டக்கூடாது என்று தீர்மானம் போட்டது பெரிய செய்தியாக வந்தது. அவர்கள் தடுத்தது மேற்கோள் காட்டுவதைத்தான், வாசிக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. இந்த வித்தியாசம் விளங்கினால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

பிழை அதிகம் என்பதற்காக நான் இதைச் சொல்லவில்லை. 2005இல் நேச்சர் சஞ்சிகை விஞ்ஞானக் கட்டுரைகளை இரண்டு பக்கமும் எடுத்து, எது எதிலிருந்து வந்தது என்று சொல்லாமல் துறை வல்லுநர்களிடம் கொடுத்துப் பார்த்தது. ஒரு கட்டுரைக்குச் சராசரியாக விக்கிப்பீடியாவில் நான்கு பிழை, பிரிட்டானிக்காவில் மூன்று. பிரிட்டானிக்கா அந்த ஒப்பீட்டு முறையே பிழை என்று மறுத்தது, நேச்சர் விட்டுக்கொடுக்கவில்லை. ஆனால் அது ஆங்கிலத்தில், விஞ்ஞானத்தில், உலகமே வாசிக்கும் தலைப்புகளில் செய்த ஒப்பீடு. அதைக் கொண்டுவந்து நாவலடிக்கும் கிரான்குளத்துக்கும் பொருத்த ஏலாது.

இப்போது உங்கள் 915. அந்த எண் சரியா பிழையா என்று கேட்பதற்கு முன்னால், யார் எண்ணினார்கள், எந்தத் திகதியில் எண்ணினார்கள், எந்த எல்லைக்குள் எண்ணினார்கள் என்று கேளுங்கள். 1961இல் அம்பாறை தனி மாவட்டமாகப் பிரிந்துவிட்டது. ஆகவே 78இல் ஒருவர் "மட்டக்களப்பு மாவட்டம்" என்று எழுதினால் அதில் அம்பாறைப் பக்கத்து ஊர்கள் இல்லை, இன்னொருவர் பேச்சுவழக்கில் "மட்டக்களப்பு" என்று எழுதினால் கல்முனை, காரைதீவு எல்லாம் உள்ளே வந்திருக்கலாம். புயல் இங்கே கரை ஏறிப் பொலன்னறுவைப் பக்கமும் போனது, அந்த இறப்புகள் சேர்ந்தனவா? கடலுக்குப் போய்த் திரும்பாதவர்களைக் காணாமல் போனவர் என்று வைத்தார்களா, இறந்தவர் என்று வைத்தார்களா? முதல் கிழமையில் ரோட்டும் போனும் அறுந்து கிடந்தபோது பேப்பருக்குப் போன கணக்கும், மாதங்கள் கழித்துக் கச்சேரியில், அதாவது மாவட்ட அரச செயலகத்தில், சேர்ந்த கணக்கும் ஒன்றாக இருக்க நியாயமே இல்லை. கலைக்களஞ்சியத்தின் பக்கத்துப் பெட்டியில் இருக்கும் ஒற்றை எண்ணில் இதில் ஒன்றுமே தெரியாது. அதனால்தான் வேண்டாம் என்கிறோம்.

ஒரு காரியம் செய்யுங்கள். வேறுபடும் எண்களை மறைக்காமல் ஒரு பத்தியில் அத்தனையையும் வைத்து, எது எங்கிருந்து வந்தது என்று எழுதுங்கள். பரிசோதகர் தேடுவது அதைத்தான்.

மருதமுனைக் கரை எழுதியது:

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். நான் தமிழ் விக்கிப்பீடியாவில் பல வருடமாகத் தொகுக்கிறவன், தொழில் கணினி. சேர் சொன்னதோடு எனக்குச் சண்டை இல்லை. உள்ளே இருந்து பார்க்கிற ஒருவனாகக் கொஞ்சம் சொல்கிறேன்.

யாரும் வந்து எதையும் எழுதலாம் என்பதுதான் ஆபத்து என்று எல்லாரும் நினைக்கிறார்கள். பெரிய கட்டுரைகளில் அது பெரிய ஆபத்தே இல்லை. கெட்ட வார்த்தை எழுதினால் நிமிடக் கணக்கில் யாரோ தூக்கிவிடுவார்கள், அதற்கென்று தானியங்கிகளும் ஓடுகின்றன. உண்மையான ஆபத்து ஆள் நடமாட்டமில்லாத கட்டுரைகளில்தான். 2005இல் ஜோன் சீகன்தாலர் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளரின் பக்கத்தில், கென்னடி சகோதரர்களின் கொலையில் அவருக்குத் தொடர்பிருந்ததாகச் சந்தேகிக்கப்பட்டது என்று ஒருவர் எழுதிவிட்டுப் போனார். நான்கு மாதம் அப்படியே கிடந்தது. அதற்குப் பிறகுதான் ஆங்கிலப் பதிப்பில் கணக்கு இல்லாதவர்கள் புதுக் கட்டுரை தொடங்குவதை நிறுத்தினார்கள்.

சிறிய மொழிகளில் இது இன்னும் மோசம். ஸ்கொட்லாந்தில் பேசும் ஸ்கொட்ஸ் மொழியின் விக்கிப்பீடியாவில் பல ஆயிரம் கட்டுரைகளை, அந்த மொழியே தெரியாத ஓர் அமெரிக்க இளைஞர் வருடக் கணக்கில் எழுதி வந்திருக்கிறார் என்று 2020இல்தான் வெளியே தெரிய வந்தது. கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. கேட்க ஆள் இல்லை, அவ்வளவுதான். தமிழ் விக்கிப்பீடியா 2003இல் தொடங்கியது, அதை வளர்த்ததில் ஈழத்து ஆக்களுக்குப் பெரிய பங்கு இருக்கிறது, அந்தளவு மோசமான நிலைமை நமக்கு வராது என்று நம்புகிறேன். ஆனால் கிழக்கு மாகாணத்துக் கிராமம் ஒன்றைப் பற்றிய பத்து வரிக் கட்டுரையை எத்தனை பேர் கண்காணிக்கிறார்கள்? அனேகமாக ஒருவரும் இல்லை.

எப்படிப் பார்ப்பது என்று கேட்டால், கட்டுரையை வாசிப்பதற்கு முன்னால் மேலே இருக்கும் "வரலாறு" பக்கத்தைத் திறவுங்கள். ஒவ்வொரு திருத்தமும் ஒரு வரியாக இருக்கும்: திகதி, நேரம், செய்தவரின் பெயர் அல்லது வெறும் எண் அடையாளம், அதன் பக்கத்தில் எத்தனை பைட் கூடியது குறைந்தது என்று பச்சையிலும் சிவப்பிலும் ஒரு கணக்கு. பெரிய பத்தியைச் சேர்த்தால் பச்சையில் பெரிய எண் தெரியும், எல்லாரும் பார்ப்பார்கள். ஆனால் 915ஐ 975 ஆக மாற்றினால் அங்கே 0 என்றுதான் காட்டும், ஏனென்றால் எழுத்தின் அளவு மாறவில்லை. நடுச்சாமத்தில் ஒருவர் காரணம் எழுதாமல், சான்று போடாமல் ஓர் எண்ணை மட்டும் மாற்றிவிட்டுப் போனால் கண்ணில் படுவது மிகக் கஷ்டம். சாவு எண்ணிக்கை, ஆண்டு, சனத்தொகை இதில்தான் இது அடிக்கடி நடக்கும். உங்களுக்கு வேண்டியதும் அதுதான். அந்த எண் எந்தத் திகதியில் உள்ளே வந்தது, வந்த நாளில் சான்றோடு வந்ததா, சான்று பிறகு ஒட்டப்பட்டதா என்று பின்னோக்கிப் போய்ப் பாருங்கள்.

பிறகு ஒட்டப்பட்டது என்றால் கவனம். விக்கிப்பீடியாவில் ஒருவர் சான்றில்லாமல் எழுதுவார், அதைப் பார்த்து ஒரு பேப்பர்காரர் கட்டுரை எழுதுவார், மறுகா இன்னொருவர் வந்து அந்தப் பேப்பரையே சான்றாகப் போடுவார். வட்டம் முடிந்தது, இனி அது சான்றுள்ள தகவல். நினைவுக் கட்டுரைகளில் வரும் எண்கள் அப்படி வந்தவையாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. 2009இல் மொரிஸ் ஜார் என்ற பிரெஞ்சு இசையமைப்பாளர் இறந்தபோது, டப்ளினில் ஒரு மாணவர் அவர் சொன்னதாக ஒரு பொய் மேற்கோளைப் பக்கத்தில் போட்டார். சான்று இல்லை என்று விக்கிப்பீடியாக்காரர்கள் அதை உடனே நீக்கிவிட்டார்கள். பல நாட்டுப் பேப்பர்கள் அதை இரங்கல் செய்தியில் அச்சடித்தன, அந்த மாணவரே எழுதிச் சொல்லும் வரைக்கும் அங்கே ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை. ஆகவே பேப்பரில் வந்தது என்பதும் தனியே போதாது.

வாவிக்கரை விஞ்ஞானம் எழுதியது:

தோழி சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. இடைவிலகல் சூத்திரத்தை யார் எழுதினாலும் நானே போட்டுப் பார்த்துச் சரிபார்க்கலாம். எழுதியவரை நம்ப வேண்டிய தேவையே இல்லை. 78இல் எத்தனை வள்ளம் உடைந்தது என்பதை அப்படிப் போட்டுப் பார்க்க ஏலாது. இரண்டும் ஒரே தளத்தில் இருப்பதால் ஒரே அளவு நம்பலாம் என்று எடுக்காதீர்கள்.

படுவான்கரைப் பெண் எழுதியது:

தம்பி, நல்ல தலைப்பு எடுத்திருக்கிறீர்கள். மேலே எழுதியவர்கள் சொன்னதெல்லாம் சரி. ஆனால் ஒருவரும் தொடாத ஒரு விஷயம் இருக்கிறது, எனக்கு அதில் வருடக் கணக்கில் மனத்தாங்கல்.

விக்கிப்பீடியாவின் அடிப்படை விதிகளில் ஒன்று சொந்த ஆய்வு கூடாது என்பது. வேறெங்கோ அச்சில் வந்ததைத்தான் அங்கே எழுதலாம். உலகத்துக்குப் பொதுவாகப் பார்த்தால் நல்ல விதி, அது இல்லாவிட்டால் ஆளாளுக்குப் பரம்பரைப் பெருமை எழுதி நிரப்பிவிடுவார்கள். ஆனால் எங்கள் பகுதியில் அச்சில் வந்தது எவ்வளவு? மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே எத்தனையோ ஊர்களின் கதை பூசாரியின் வாயிலும், கோயிலை நிர்வகிக்கும் வண்ணக்கரின் ஏட்டிலும், ஆச்சிமாரின் ஞாபகத்திலும்தான் இருக்கிறது. போர்க் காலத்தில் வீட்டோடு சேர்ந்து எரிந்துபோன காகிதங்கள் எத்தனை, சுனாமி கொண்டுபோனவை எத்தனை. அச்சில் இல்லாத ஊர் கலைக்களஞ்சியத்திலும் இல்லை, அங்கே இல்லாததால் இளம் பிள்ளைகளுக்கு அது வரலாறே இல்லாத ஊராகத் தெரிகிறது. இது என்னை மிகவும் வருத்துகிறது.

அதற்காக அச்சில் இருப்பதையெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கவும் ஏலாது. "மட்டக்களப்பு மான்மியம்" 1962இல் எஃப். எக்ஸ். சி. நடராசா பதிப்பித்தது. ஏட்டுப் பிரதிகளிலிருந்து வந்தது, வெவ்வேறு காலத்துச் சங்கதிகள் அதில் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்திருக்கின்றன. அதில் வரும் அரசர் பெயரையும் ஆண்டுகளையும் அப்படியே தூக்கி இணையத்தில் போட்டு, மான்மியம் சொல்கிறது என்று சான்றும் கொடுத்துவிடுகிறார்கள். பார்க்கிறவருக்குச் சான்றுள்ள வரலாறு. ஏடு எந்தக் காலத்தது, பிரதி செய்தவர் என்ன சேர்த்தார் என்ற கேள்வியெல்லாம் காணாமல் போய்விடும். வி. சீ. கந்தையாவின் "மட்டக்களப்புத் தமிழகம்" 1964, எஸ். ஓ. கனகரத்தினம் ஆங்கிலத்தில் எழுதிய மாவட்ட நூல் 1921. இவற்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒப்பிட்டுப் படித்தால்தான் எது எங்கே ஆட்டம் காண்கிறது என்று தெரியும். கனகரத்தினம் எழுதியபோது அம்பாறை மாவட்டமே இல்லை என்பதை மறக்க வேண்டாம். சுவாமி விபுலாநந்தர் 1892இல் காரைதீவில் பிறந்தார், பழைய நூல்கள் மட்டக்களப்பு என்று எழுதும், இன்றைய நூல்கள் அம்பாறை மாவட்டம் என்று எழுதும். இரண்டு பேரும் சான்றைக் கையில் வைத்துக்கொண்டு மாறி மாறித் திருத்தலாம், ஒருவரும் பொய் சொல்லவில்லை.

உங்களுக்கு நான் சொல்வது, நூலகம் இணையத்தளத்துக்குப் போங்கள். 2005இலிருந்து இலங்கைத் தமிழரின் புத்தகம், சஞ்சிகை, பத்திரிகை என்று தன்னார்வலர்கள் ஸ்கேன் செய்து இலவசமாகத் தருகிறார்கள். கோயில் மலர்கள், பாடசாலை மலர்கள், நினைவு மலர்கள் எல்லாவற்றையும் புரட்டுங்கள். 79, 80இல் வந்த ஒரு பாடசாலை மலரின் அதிபர் அறிக்கையில் கூரை பறந்ததும், எந்த மாதம் திரும்ப வகுப்புத் தொடங்கியது என்பதும் இருக்கக்கூடும். உங்கள் ஆய்வுக்கு அந்த ஒரு வரி எந்தக் கலைக்களஞ்சியத்தையும் விடப் பெறுமதி. அச்சடித்தவர் அதைக் கண்ணால் பார்த்தவர் என்பது ஒன்று, சூறாவளி ஆய்வுக்கென்று அவர் அதை எழுதவில்லை என்பது இன்னொன்று.

அப்புறம், ஊரில் பேசுங்கள், பதிவு செய்யுங்கள். ஆளின் சம்மதத்தோடு, எந்தத் திகதியில் எங்கே வைத்துப் பேசினீர்கள், சூறாவளி நேரம் அவருக்கு எத்தனை வயது, தான் கண்டதைச் சொல்கிறாரா, மற்றவர் சொல்லக் கேட்டதைச் சொல்கிறாரா என்று குறித்துக்கொள்ளுங்கள். அதை ஆய்வில் முறைப்படி மேற்கோள் காட்டலாம். உங்கள் ஆய்வு நூலகத்தில் ஏறினால் நாளைக்கு விக்கிப்பீடியாவில் எழுதுகிறவருக்கும் அது ஒரு சான்று. எங்கள் ஊர்கள் அங்கே உள்ளே போக இருக்கிற வழி இதுதான்.

நாவலடிக் காற்று எழுதியது:

எல்லாருக்கும் மிக்க நன்றி. பாடசாலை மலர் என்பது எனக்குத் தோன்றவே இல்லை அக்கா, நாளைக்கே தேடத் தொடங்குகிறேன். மருதமுனை அண்ணாவிடம் இன்னும் இரண்டு கேள்வி. விக்கிப்பீடியாவில் அந்த எண்ணுக்குக் கீழே இருக்கும் லிங்க்கை அழுத்தினால் பக்கம் இல்லை என்று வருகிறது, அப்படியானால் அந்தச் சான்று செல்லாதா? மற்றது, என் நண்பன் செயற்கை நுண்ணறிவுச் செயலி ஒன்றிடம் கேட்டு உடனே ஓர் எண் வாங்கிவிட்டான். அதை என்ன செய்வது?

மருதமுனைக் கரை எழுதியது:

லிங்க் செத்துப் போனது என்பதற்காகச் சான்று பொய் என்று அர்த்தமில்லை. அந்த முகவரியை அப்படியே கொப்பி பண்ணி, இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷினில் போட்டுப் பாருங்கள். பழைய பக்கத்தின் பிரதி இருந்தால் திகதியோடு வரும். வந்தால் அதைத் திறந்து, அந்த எண் உண்மையிலேயே அங்கே இருக்கிறதா என்று வாசியுங்கள். இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் 2022இல் சீன மொழி விக்கிப்பீடியாவில் ஒருவர் மத்திய கால ரஷ்ய வரலாறு என்று இருநூறுக்கு மேற்பட்ட கட்டுரைகளைக் கற்பனையாக எழுதியது பிடிபட்டது. கட்டுரை நிறைய அடிக்குறிப்பு, பார்க்க மிகவும் கண்ணியமாக இருந்தது. ஒரு நாவலாசிரியர் அந்த அடிக்குறிப்புகளைத் தேடிப் போனபோதுதான் அதில் சொன்ன பக்கங்களோ பதிப்புகளோ இல்லை என்று தெரிந்தது. அடிக்குறிப்பு இருக்கிறதா என்று பார்ப்பது பாதி வேலை, திறந்து வாசிப்பது மீதி.

செயலியின் எண்ணை ஆய்வுக்கு எடுக்க வேண்டாம். அந்த மாதிரிச் செயலிகள் கற்றுக்கொண்ட எழுத்தில் விக்கிப்பீடியாவும் இருக்கிறது, அதைப் பார்த்து எழுதிய தளங்களும் இருக்கின்றன. விக்கிப்பீடியாவிலாவது வரலாறு பக்கம் இருக்கிறது, யார் எப்போது எழுதினார் என்று பின்னோக்கிப் போகலாம். செயலி சொல்லும் எண்ணுக்கு அப்படி ஒரு பாதை இல்லை, சான்று கேட்டால் இல்லாத புத்தகத்தின் பெயரைக்கூடச் சொல்லும். எங்கே தேடலாம் என்று யோசனை கேட்பதற்குப் பாவியுங்கள், பரவாயில்லை.

கோட்டைமுனை வாசகர் எழுதியது:

இன்னும் ஒன்று. 1978 நவம்பர், டிசம்பர் வீரகேசரியும் தினகரனும் பாருங்கள். கொழும்பில் தேசிய சுவடிகள் திணைக்களத்தில் பழைய பத்திரிகைகள் இருக்கின்றன, போவதற்கு முன்னால் திகதிகளை எழுதிக்கொண்டு போனால் நேரம் மிஞ்சும். நாளுக்கு நாள் எண்ணிக்கை எப்படி மாறியது என்று ஓர் அட்டவணை போடுங்கள். அதே மாதங்களின் ஹன்சாட்டையும், அதாவது பாராளுமன்றப் பேச்சுகளின் பதிவையும், கேட்டுப் பாருங்கள், அரசாங்கம் பாராளுமன்றத்தில் ஏதாவது கணக்குச் சொல்லியிருந்தால் எந்தத் திகதியில், எந்த மாவட்டத்துக்கு என்று அதில் இருக்கும். பிறகு கச்சேரியில் பழைய நிவாரணக் கோப்புகள் மிஞ்சியிருக்கின்றனவா என்று விசாரியுங்கள். இல்லை என்று சொன்னால், இல்லை என்று சொன்னதையும் திகதி போட்டு ஆய்வில் எழுதுங்கள்.

மருதமுனைக் கரை எழுதியது:

கோட்டைமுனை சேர் சொன்ன அட்டவணை முடிந்ததும், விக்கிப்பீடியாக் கட்டுரையின் உரையாடல் பக்கத்தில் எந்தப் பத்திரிகை, எந்தத் திகதி, எத்தனையாம் பக்கம், என்ன எண் என்று எழுதிப் போடுங்கள் தம்பி. கட்டுரையில் கை வைக்கப் பயமாக இருந்தால் விட்டுவிடுங்கள், நான் பார்த்து உள்ளே சேர்க்கிறேன். பெட்டியில் ஒற்றை எண்ணுக்குப் பதிலாக, எந்த எல்லைக்கு, யார் எண்ணிய கணக்கு என்று பிரித்துப் போடலாம். ஸ்கொட்ஸ்காரர்களுக்கு நடந்தது எங்களுக்கு நடக்காமல் இருக்க வேண்டுமென்றால், இந்த ஊர்க் கட்டுரைகளை இந்த ஊர் ஆக்கள் கவனிப்புப் பட்டியலில் போட்டுப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். இதை வாசிக்கிற மற்றவர்களும் ஆளுக்கு ஓர் ஊரை எடுங்கள். பாண்டிருப்பும் பெரியநீலாவணையும் என்னிடம் இருக்கின்றன, கிரான்குளத்தை யாராவது பொறுப்பெடுப்பீர்களா?